ஒரு சொட்டும் தொடேன்

கிறிஸ்துமஸ் ஒயினுக்கு ஊறப்போட்டிருந்த ஜாடியை மருமகள் திறந்தாள். புளித்த திராட்சை வாடை அடுப்படி முழுக்கப் பரவியது. “ருசி பாருங்கத்தே” என்று கரண்டியை நீட்டினாள். அந்த வாடையில் எனக்கு எழுபதுகளின் தூத்துக்குடிக் கோயில் வந்துவிட்டது.

எங்கள் மிஷன் பள்ளியில் மதுவிலக்குச் சங்கம் இருந்தது. நீல ரிப்பன் குத்திக்கொண்டு, குடிக்கு எதிராகத் தெருத்தெருவாகப் பாடிப் போவோம். ஒரு சொட்டும் தொடேன் என்று வேதாகமத்தில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தோம். என் வகுப்புத்தோழி ஜெபராணி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஹார்பரில் வேலை பார்த்த அவள் அப்பா பெருங்குடிகாரர்.

கோயிலில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் எங்கள் முதல் ராப்போஜனம். வெள்ளைச் சேலையில் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தோம். குருவானவர் ரசப் பாத்திரத்தை நீட்ட, ஜெபராணி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“குடிம்மா. இது கர்த்தருடைய ரத்தம்லா.”

“சத்தியம் பண்ணிருக்கேன் ஐயா. எங்கப்பா வாயிலயும் இதே வாடைதான் வரும்.”

ஆண்கள் பக்கம் எல்லா முகங்களும் அவள் அப்பாவைத் தேடித் திரும்பின. எழுந்து வந்து அடிப்பாரோ என்று பயந்தேன். பாத்திரம் என்னிடம் வந்தது. கண்ணை மூடி விழுங்கினேன்.

பெரியவர்கள் முறை வந்தது. ஜெபராணியின் அப்பா மெல்ல வந்து, மகள் முழங்காலிட்ட அதே இடத்தில் முழங்காலிட்டார். பாத்திரம் அவர் முகத்துக்கு நேரே நின்றது. அவர் உதட்டைத் திறக்கவேயில்லை.

அடுத்த வாரமே அவர் தெருவில் தள்ளாடி வந்ததையும் பார்த்தேன்.

“வாயத் திறங்கத்தே” என்கிறாள் மருமகள்.