ஹாலுக்குள் போகாத ஆமை

மியூசியம் வேனோடு ஊர் ஊராகப் போய் ஷோகேஸ் போட்டு, லேபிள் ஒட்டி, சாயங்காலம் கழற்றுவது என் வேலை. லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போன அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காற்று அப்படி. பேனர் நிற்கவில்லை. பெண்கள் யாரும் நாங்கள் ஷோகேஸ் போட்ட ஊர் ஹாலுக்குள் வராமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய செட், எகிப்தில் அரசர்கள் காலத்துக்கும் முன்னால் கண்ணுக்குப் பச்சை மை அரைத்த கல் பலகைகள். மீன், பறவை, ஆமை என்று உருவம் வெட்டியிருப்பார்கள். எங்களிடம் இருந்தவை ரெசினில் வார்த்த நகல்கள். மீனையும் பறவையையும் வைத்துவிட்டு ஆமையை எடுத்தேன். வாசலில் நின்ற செல்வி என்ற பெண் கத்தினாள்.

"அண்ணே, அத்த உள்ள வெக்காதே! கடல்ல இருந்தா அது சாமி. கட்டடத்துக்குள்ள பூந்தா ஆவாது. எங்க வூட்டுக்காரு போட்டு இன்னும் வரலண்ணே."

மற்ற போட்டுகள் எல்லாம் கரையேறிவிட்டன. அவள் கணவர் போனையும் எடுக்கவில்லை. தேடுவதற்கு ஒரு போட் போயிருந்தது.

கூட வந்திருந்த எங்கள் மியூசியம் மேடத்துக்கு, ரிப்போர்ட்டுக்கு போட்டோ எடுக்க வேண்டுமே என்ற கவலை. "செட் முழுசா இல்லாம ரிப்போர்ட் எப்படி அனுப்புறது? உள்ள வைங்க முருகேசன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "போட்டு வரட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டு ஆமையை வேனுக்குக் கொண்டுபோனேன். செல்வி அதற்கும் விடவில்லை.

"அதுக்கும் கூரை கீது இல்ல?"

வாங்கிக்கொண்டு போய் மணலில் கடலைப் பார்க்க வைத்தாள். மஞ்சளும் குங்குமமும் குழைத்து அதன் நடுவில் மை அரைக்கும் குழியில் அப்பினாள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கரையில் நடந்துகொண்டிருந்தேன். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பயமாக இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது, தேடப் போன போட் அவருடைய போட்டைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. இன்ஜின் நின்றுபோயிருந்தது.

"போன எடுக்கறதுக்கு இன்னாய்யா உனுக்கு?" என்று செல்வி அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினாள்.

"நனைஞ்சி பூட்ச்சிடி" என்றார் அவர். அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

ஆமையை முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்தாள். குழியில் சிவப்பு போகவில்லை. நான் தண்ணீர் தேடியபோது மேடமே தடுத்தார். "விடுங்க. நிறம் அரைக்கத்தானே செஞ்சாங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஷோகேஸ் எங்கே, லைட் எங்கே என்பதெல்லாம் அப்புறம். எந்தக் குப்பத்துக்குப் போனாலும் பெட்டியைத் திறக்கும் முன் நான் ஒன்றுதான் கேட்கிறேன்.

"எல்லா போட்டும் வந்துடுச்சா?"