கசங்காத கோட்டு

ஈரத்துணி மேல் கரி இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சுர்ரென்று ஒரு ஆவி எழும்பும் பாருங்கள்... அந்த வாசனை. சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில், மேட்னி ஷோவில், என் பக்கத்து சீட்டிலிருந்து அந்த வாசனைதான் வந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்திருந்தவர் டெய்லர். கல்யாண ரிசப்ஷனுக்குக் கோட்டு தைப்பதில் அந்த ஊரில் பேர் வாங்கியவர். அவருடைய மகள் மல்லிகாவைத்தான் நான் முந்தின வாரம் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் என்னைப் பிடித்திருப்பதாகத் தகவல் வந்தது. காரணம் இன்றுவரை தெரியவில்லை. பாக்கி இருந்தது இவர் ஒருத்தர் சம்மதம். அவரோ, "ஞாயித்துக்கெழம தம்பிய ஒரு படத்துக்கு அனுப்பி வைங்க, நானும் கூட வரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு அப்போது கடலூர் ஓல்டு டவுனில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. படிப்பு பத்தாவது, அதுவும் ரெண்டாவது அட்டெம்ப்ட்.

கிளம்பும்போது அம்மா சொன்னது ஒன்றுதான். "அவுரு என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு. எங்கயாவது சிரிச்சிக் கிரிச்சி வெக்காத."

அம்மா பயந்ததில் நியாயம் உண்டு. எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. தண்ணீர் ஏறாத பம்புசெட் மாதிரி ஒரு சத்தம் வரும்...

படம், அந்த வெள்ளைக்கார உளவாளி படம். தமிழில் டப் செய்தது. அதே ஆள் நடிக்க, அந்த உளவாளி கதை வருஷக் கணக்காக வந்துகொண்டிருந்தது. டெய்லர் மாமா ஒன்று விடாமல் பார்த்தவர். கதைக்காக இல்லை, கோட்டுக்காக. ஹீரோவின் காலர் அகலமானால் அடுத்த முகூர்த்தத்தில் சிதம்பரத்து மாப்பிள்ளைகளின் காலரும் அகலமாகிவிடும்.

ஆனால் இந்தப் படத்தில் ஹீரோவுக்கு வயசாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஓடுகிற ரயில் மேல் ஏறினால் வாங்கவில்லை. கைப்பெட்டியைத் திறந்தால் படகாகிறது. படகை மடக்கினால் குடையாகிறது. ஒரு ஒட்டு மீசை வைத்துக்கொண்டு வில்லன் வீட்டு விருந்துக்கே போகிறார்... வில்லனுக்கு அடையாளம் தெரியவில்லை. பெஞ்ச் டிக்கெட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"யோவ், அது அவன்தான்யா" என்று ஒருத்தன் வில்லனுக்கே எடுத்துக்கொடுத்தான்.

தியேட்டரே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. நான் கர்ச்சீப்பை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் வந்தது அந்த சீன். ஹீரோவைச் சாக்கடைக் குழாய்க்குள் தள்ளி மூடிவிடுகிறார்கள். பாதி ஊரைத் தவழ்ந்தே கடந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறார். கோட்டில் ஒரு கசங்கல் இல்லை. பாக்கெட்டில் சொருகின ரோஜாப்பூ அப்படியே இருக்கிறது. தோளை ஒரு தட்டு தட்டிக்கொண்டு, கணீரென்று தமிழில், "உள்ள கொஞ்சம் புழுக்கம்" என்றார்.

பம்புசெட் ஓட ஆரம்பித்துவிட்டது.

முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவும் திரும்பினார். நிறுத்த நினைக்க நினைக்க ஜாஸ்தியானது. மல்லிகா போச்சு என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டிருந்தேன்...

இன்டர்வெல்லில் மாமா டீ வாங்கி என் கையில் கொடுத்தார்.

"எதுக்கு தம்பி அப்பிடி சிரிச்சீங்க?"

புரை ஏறிவிட்டது என்று சொல்லலாமா எனப் பார்த்தேன். பொய் சொல்கிற நிலையில் என் முகம் இல்லை, கண்ணில் இன்னும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இல்ல மாமா... நான் ஒரு மோட்டார தூக்கி பெஞ்சில வெச்சாலே சட்ட பூரா கிரீஸு. அந்தாளு சாக்கடயில பொரண்டுட்டு ரிசப்ஷனுக்குப் போற மாதிரி வராரு. அதான்..."

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல வந்த படத்துலல்லாம் அடி வாங்குனான்னா கோட்டு கிழியும் தம்பி. தோள்பட்டயில தையலு விட்டுக்கும். செத்துடுவானோன்னு எனக்கு கை காலு நடுங்கும். இப்ப கிழியறதே இல்ல. அப்பறம் என்னாத்துக்கு பயப்படறது... நானே எவ்ளோ வருசமா சிரிப்ப அடக்கிக்கிட்டு பாக்கறேன் தெரியுமா."

மறுபடி உள்ளே போனோம். வில்லன் கரும்பலகை வைத்து, தன் திட்டம் முழுவதையும் ஹீரோவுக்குப் பாடம் நடத்தினான். பக்கத்திலிருந்து ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தேன். இல்லை. அப்புறம் இரண்டு பேரும் சீட்டு ஆடும்படி சிரித்தோம். வீட்டில் அப்பா அப்படிச் சிரித்து ஒருநாளும் பார்த்ததில்லை என்று மல்லிகா பின்னால் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். நான் கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலோரம் வந்து என் தோளை ஒரு பார்வை பார்த்தார்.

"வெள்ளிக்கெழம வந்து கோட்டுக்கு அளவு குடுத்துட்டுப் போங்க மாப்ள."

தம்பி மாப்ளயாக மாறியதை பஸ் புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். எனக்கு எதுவும் கொஞ்சம் லேட்டாகத்தான் ஏறும். பத்தாவதே அப்படித்தானே.

இப்போது அந்த உளவாளியாக வேறு ஆள் நடிக்கிறார். படமெல்லாம் சீரியஸ். ரத்தம் வருகிறது, ஹீரோ அழுகிறார், கோட்டு ஆரம்பத்திலேயே கந்தலாகிவிடுகிறது. "இதாம்பா ரியலிஸ்டிக்" என்கிறான் என் பையன். இருக்கலாம்.

மாமா இப்போது எங்களோடு கடலூரில் இருக்கிறார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையன் புதுப் படத்தை டிவியில் போட்டான். ஹீரோவை நாற்காலியில் கட்டிவைத்து அடிக்க ஆரம்பித்தார்கள். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது வேணாம் மாப்ள. அந்தக் கெழவன் நடிச்சதப் போடச் சொல்லுங்க. அதுலதான் யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

தேடிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பையன் செல்லோடு உள்ளே போய்விட்டான். நாங்கள் இரண்டு பேர் மட்டும். சிரிக்கிற இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாமா சிரித்தார், நடுவில் லேசாகக் கண் மூடினார், மறுபடி பார்த்தார்.

படத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அடிக்கொரு தரம் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.