யார் பாஸில் வந்தார் செக்கர்?

பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவரை எல்லோரும் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தவர் பாஸைக் காட்டிப் பயணம் செய்பவர்களைப் பிடிப்பதில் மனுஷன் புலி. புகைப்படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினால் போதும், இவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் அந்த மூக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. பால் ஏன் குறைந்தது, கதவை யார் திறந்து வைத்தது என்று மனைவியிடமே விசாரணை நடத்த ஆரம்பித்தார்.

"உங்க செக்கிங்கை எல்லாம் வெளியில வச்சுக்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று அவள் பெரிய கும்பிடாகப் போட்டாள்.

சரி, வம்சத்தையே சோதனை போடுவோம் என்று கிளம்பிவிட்டார். சுற்றுவட்டாரக் கிராமங்களின் பழைய பதிவேடுகள் எல்லாம் பதிவு அலுவலகத்தின் பின்னறையில் இருந்தன. இரும்பு அலமாரி, துணி அட்டை போட்ட புத்தகங்கள், தொட்டால் தும்மல். முதலில் தன் பிறப்பு, அதைப் பிடித்து அப்பா, பிறகு தாத்தா. அப்படியே தாத்தாவுக்குத் தாத்தா வரைக்கும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். முதல் படியிலேயே கால் இடறும் என்று யார் கண்டது?

எழுத்தர் பெண் அவருடைய பக்கத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். நகல் கொடுக்குமுன் இறப்புப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். புரட்டியவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"யாரு? அது நான்தாம்மா."

"ரெண்டு வயசுல காய்ச்சல்ல தவறிட்டாருன்னு எழுதியிருக்கே?"

"என்னம்மா, விளையாடுறீங்களா? குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கிறேன்!"

அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். பெயர் அவருடையதுதான். அப்பா பெயர், அம்மா பெயர், வீட்டு எண் எதிலும் பிசகு இல்லை. முன்னும் பின்னும் பல வருடங்களைத் தேடச் சொன்னார். அக்கா பிறந்தது இருந்தது. இவர் பிறந்ததாக வேறு எங்கும் ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் இத்தனை காலம் சம்பளம் வாங்கியது யார்? திரும்பும்போது பேருந்தில் நடத்துநர் "வாங்க செக்கர்" என்றான். தன்னைத்தான் சொல்கிறானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மேல ஒருத்தன் இருந்தாண்டா," என்றாள் தலை நிமிராமல். "போய்ச் சேந்துட்டான். அடுத்து நீ பொறந்ததும் அப்பா அதே பேரை வச்சாரு. அந்தப் பேருக்குத்தான் சர்டிபிகேட் இருக்கே, இன்னொரு தடவை எதுக்கு ஆபீஸுக்கு அலையணும்னு, அதையே காட்டி உன்னை ஸ்கூல்ல சேத்துட்டாரு."

"அப்ப நான் எப்பக்கா பொறந்தேன்?"

"அவன் போயி ரெண்டு வருஷமோ, மூணு வருஷமோ. அன்னைக்கு நல்ல மழை. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

செக்கருக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இன்னும் நாலைந்து வருஷம் சர்வீஸ் இருந்திருக்குமே! அப்புறம், அண்ணன் பாஸில் வந்த எத்தனை தம்பிகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. எதற்கு எது என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சை அறுத்தது.

"அக்கா, அம்மா கொஞ்சினது என்னையா, அவனையா?"

அக்காவின் கை நின்றது. "அம்மா உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எப்பவாச்சும் கேட்டிருக்கியா?"

யோசித்துப் பார்த்தார். டேய், ராசா, கழுதை, கண்ணு. பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால்கூட "என் பையனை வரச் சொல்லுங்க" என்பாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டபோதும் கண்ணுதான். ஒரே ஒரு தடவைகூட அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

"அது அவனுக்குக் குடுத்த பேரு, அவன்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லுவா," என்றாள் அக்கா. "கண்ணுன்னு அவனைக் கூப்பிட்டதே இல்லைடா. அது உனக்கு மட்டும்தான்."

செக்கர் அழுதுவிட்டார். பிறந்த தேதி இல்லாத மனுஷன், அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை நீ அப்படிக் கூப்பிடேன்க்கா," என்றார்.

அக்கா மடித்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"எந்திரி கண்ணு. சாப்பிட்டுட்டுப் போ."