கோமதியக்காவின் பெயரில் ஓடும் விளையாட்டு

கோமதியக்கா இறந்த செய்தி எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் வந்தது. தென்காசி பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்று படித்தேன். மாரடைப்பு. கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவிலேயே ஒருவர், நம்முடைய பின்பால் கேமை ‘கோமதி நினைவுப் பதிப்பு’ என்று மறுபடி வெளியிடலாமே என்று எழுதியிருந்தார். எழுதியவர் எங்கள் முதலாளி. உடல் அப்போது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக்கூட வந்து சேரவில்லை.

அக்காவைத் தெரிந்த நீங்கள் பலரும் அந்தப் பதிப்பைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளப் போகிறீர்கள். அதற்கு முன் நான் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

உங்களில் பாதிப் பேர் அவரைக் குற்றாலத்தில் பார்த்திருப்பீர்கள். ஐந்தருவி போகும் சாலையில், சீசன் நாட்களில் ஒரு தகரக் கொட்டகையில் வீடியோ கேம் கடை நடத்தினார். நாலைந்து திரைப் பெட்டிகளுக்கு நடுவே உண்மையான பின்பால் மேசை ஒன்று இருந்தது. சாய்ந்த பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடும் இரும்புக் குண்டு. அது கீழே விழுந்துவிடாமல் அடித்து மேலே அனுப்ப இரண்டு துடுப்புகள். துடுப்பை அக்கா ‘கை’ என்றுதான் சொல்வார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் அப்படியே வந்து பித்தானை அமுக்குவார்கள். அக்கா பழைய கைலித் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் தோற்றுப்போன ஒருவர் மேசையை இடுப்பால் ஓங்கி இடித்தார். வாடிக்கையாளனாக நின்றிருந்த நான்தான் பதறினேன். அக்கா அசையவில்லை.

“இடிக்கட்டும்லே. தன் தப்புன்னு தெரிஞ்சவன்தான் இடிப்பான். மேசை ஏமாத்துச்சுன்னா இடிக்க மாட்டான், துப்பிட்டுப் போயிருவான்.”

அந்த மனிதர் அதற்குப் பிறகும் நாலு ஆட்டம் ஆடினார்.

எல்லார் கையிலும் போன் வந்ததும் கடை படுத்துவிட்டது. தென்காசியில் கேம் செய்யும் எங்கள் சின்ன நிறுவனத்துக்கு, கேம்களை ஆடிச் சோதித்துச் சொல்கிறவராக அக்கா வந்து சேர்ந்தார். அங்கே நிரல் எழுதுகிறவன் நான். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். கைக்குள் அடங்கும் பின்பால் ஒன்றைச் செய்து, பெருமையோடு அவரிடம்தான் முதலில் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் திருப்பி வைத்தார்.

“இதுக்குள்ள இரும்பு இல்ல. பஞ்சத் தட்டி விடுத மாதிரில்லா இருக்கு.”

குண்டு மேலே போனால் திரையும் அதோடு சேர்ந்து ஓடும்படி செய்திருந்தேன். அதுவும் பிடிக்கவில்லை. “மேசை ஏம்லே ஓடுது? குண்டுதான ஓடணும்? கை எங்கன இருக்குன்னே தெரியாம எப்படி அடிக்க?” பித்தானை அமுக்கிய பிறகு துடுப்பு எழ ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதமானதை, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தார். எனக்கு எரிச்சல். முழு மேசையையும் இத்தனூண்டு திரைக்குள் காட்டினால் குண்டு கடுகாகிவிடும் என்று சண்டை பிடித்தேன்.

“அப்ப மேசையில கெடக்கதக் கொற. கல்யாண மண்டபத்து வாசலா இது, இம்புட்டு லைட்டு போட்டு வெச்சிருக்க?”

குறைத்தோம். மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக் குண்டுக்குக் கனம் கொண்டுவந்தோம். கடைசியில், தோற்றவன் தன்னையே திட்டிக்கொண்டு இன்னொரு முறை ஆடுகிற விளையாட்டாக அது ஆனது. கைக்குள் ஆடும் பின்பாலுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

முதலாளிக்கு வேண்டியிருந்தது. ஒரே குண்டில் இவ்வளவு நேரம் ஆடினால் விளம்பரத்தை எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டார். அதற்கு ஒரு நிரலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். புள்ளிகள் ஓர் அளவைத் தாண்டியதும் குண்டு எங்கிருந்தாலும் லேசாக வளைந்து, இரண்டு துடுப்புக்கும் எட்டாத நட்ட நடுவில் விழும். உடனே, விளம்பரம் பார்த்தால் குண்டு திரும்பக் கிடைக்கும் என்று திரையில் வரும். மொத்தம் பதினோரு வரி. எழுதி முடித்துவிட்டு வயிறாரச் சாப்பிடவும் செய்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சோற்றின் மேலேயே அருவருப்பு வருகிறது.

அக்காவிடம் சொல்லவில்லை. மறுநாளே கூப்பிட்டார்.

“ஏலே முத்து, இங்கன வா. இது தானா விழல. ஆரோ தள்ளுதாங்க.”

“இல்லக்கா, ஒங்களுக்கு அப்படித் தோணுது.”

என் கண் முன்னாலேயே ஆறு தடவை ஆடிக் காட்டினார். ஆறு தடவையும் நடுவில் விழுந்தது. போனைக் குப்புற வைத்தார். “சீ. ஊர்ப்பட்ட எண்ணெக் கைய எல்லாம் தொடச்சிருக்கேன். அதெல்லாம் அழுக்கே இல்லலே.” கத்தவில்லை. யார் எழுதியது என்றும் கேட்கவில்லை. “இதுல இருந்து எம்பேர எடுத்துரு” என்றார், அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலில் ‘சோதனை: கோமதி’ என்று இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் முதலாளியிடம் காரணம் சொல்ல வேண்டும். பயம். ஒரு வாரம் கழித்து, “எடுத்தாச்சா?” என்று கேட்டார். “எடுத்தாச்சுக்கா” என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அக்காவின் ஊரான கீழப்பாவூருக்குப் போயிருந்தேன். போலீஸில் இருக்கும் அவருடைய தம்பி, வந்தவர்களிடமெல்லாம் அந்த கேமைக் காட்டிக்கொண்டிருந்தார். “எங்கக்கா செஞ்சது” என்று என்னிடமும் நீட்டினார். அவரே ஆடிக் காட்டினார். குண்டு நடுவில் விழுந்தது. தலைமுடிச் சாய விளம்பரம் ஒன்று பாட்டோடு தொடங்கியது.

“பாருங்க அண்ணாச்சி, எப்ப ஆடுனாலும் நடுவுலயே போவுது. நமக்கு ஆடத் தெரியல. அக்கா இருந்தா சொல்லிக் குடுத்திருப்பா” என்றார். பட்டியல் வந்ததும் அக்கா பெயரின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். என் வாயில் வடை இருந்தது. அதையே சாக்காக வைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் முதலாளியிடம் பெயரை எடுக்கச் சொன்னேன். “இப்பப் போயி எடுப்பாங்களா? இப்பத்தான அந்தப் பேருக்கே மவுசு” என்றார்.

அதனால் இங்கே எழுதுகிறேன். தம்பி, உங்களுக்கு ஆடத் தெரியாமல் இல்லை. அந்தக் குண்டு தானாக விழவில்லை, நான்தான் விழ வைத்தேன். அங்கே இருக்கும் பெயர் உங்கள் அக்கா வேண்டாம் என்று சொன்ன பெயர்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு “சரி”. எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கூடச் சோதித்துப் பார்த்த மனுஷி. நான் எடுத்தாச்சு என்று சொன்னதை மட்டும் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.