செல்வபாய் டீச்சரின் பந்து நோட்டு

"எத்தன நாளுண்ணு எண்ணுனிய சாரே. எந்த நாளுண்ணு பாத்தியளா?"

பத்தாண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமைப் பிற்பகலில் செல்வபாய் டீச்சர் என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்ற மாதம் ஒரு காலையில், எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படம் வந்தது. கழுத்தில் விசிலோடு, விளையாட்டு விழாவில் எடுத்த படம். யாரோ பழைய படத்தைத் தேடிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கீழே அடக்க ஆராதனைக்கான நேரம் இருந்ததைப் பிறகே படித்தேன். முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகமல்ல, அந்தக் கேள்விதான்.

அவரை அறிந்தவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குளச்சல் பக்கம் கடலோரப் பிள்ளைகள் படித்த எங்கள் மேல்நிலைப் பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியர். சிதறாலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்குதான் அவருடைய அறை. அங்கே ஒரு நோட்டு ஆணியில் தொங்கும். பந்தோ வலையோ எடுக்கும் பிள்ளை அதில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். விளையாட்டுப் பீரியடை வேறு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டால், அந்தத் தேதிக்கு நேரே அந்தப் பாடத்தின் பெயரை அவரே எழுதி வைப்பார். அதில் அதிகமாக எழுதப்பட்ட சொல் 'கணக்கு'. அந்தக் கணக்கு வாத்தியார் நான்தான்.

"பிள்ளைய கொஞ்சம் ஓடட்டும் சாரே. இருத்தி இருத்தியே கொல்லுதிய" என்பார். நான் சிரித்துக்கொண்டே பீரியடை வாங்கிக்கொள்வேன். பன்னிரண்டாம் வகுப்பில் விளையாட்டு எதற்கு என்று நம் எல்லோருக்கும் ஓர் எண்ணம் இருந்தது.

அவர் அணி பிரிக்கும் முறை பற்றி ஆசிரியர் அறையில் கேலி பேசியிருக்கிறோம். இரண்டு தலைவிகளை நிறுத்தி ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி அழைக்க அவர் விடமாட்டார். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். "இப்படிப் பிரிச்சா நல்ல டீம் எப்படி வரும் டீச்சரே?" என்று ஒருமுறை கேட்டேன். "நல்ல டீம் வரும் வராமலும் போவும். ஆனா பேரு சொல்லி விளிச்சா கடைசில நிக்கது எப்பவும் ஒரே பிள்ளையாக்கும். ரெண்டு வாரம் நிக்கும். மூணாவது வாரம் வயித்துவலிண்ணு சொல்லும்" என்றார். அன்று அது விளையாட்டைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக் கடந்துபோனேன்.

என் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வாரத் தேர்வுத் தாள்களை அப்படிக் கேட்டு வாங்கிய பீரியடில்தான் திருப்பிக் கொடுப்பேன். முதல் மதிப்பெண்ணில் தொடங்கிக் கடைசி மதிப்பெண் வரை உரக்க வாசிப்பேன். பெயர் வந்ததும் எழுந்து வந்து தாளை வாங்க வேண்டும். முந்தின நாளே, "நாளைக்கு விளையாட்டுப் பீரியட் எனக்கு, பேப்பர் தருவேன்" என்று சொல்லிவிடுவேன். போட்டி இருந்தால் படிப்பார்கள் என்று முப்பது ஆண்டுகள் நம்பினேன். அப்படிப் படித்தவர்களும் இருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலில் மறுநாள் நண்பகலுக்குள் கையெழுத்திட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். என் வகுப்பில் ஷைனி என்ற மாணவிக்கு வருகை குறைவு. ஐம்பத்தொரு நாள் வரவில்லை. "அந்தப் பிள்ளைய விட்டிரும் சார். எழுதினாலும் ஜெயிக்காது. நம்ம ரிசல்ட்டும் போவும்" என்றார் தலைமையாசிரியர். காலையில் ஷைனியின் அம்மா வேறு வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டுவிட்டுப் போயிருந்தார். கேரளத்தில் இறால் உரிக்கும் வேலைக்கு ஊர்ப் பெண்கள் சிலர் போகிறார்கள். மறுநாள் விடியற்காலை வேன் வரும். மகளும் அதில் போகிறாள்.

ஷைனி நர்ஸ் ஆக வேண்டும் என்று முதல் குரூப் எடுத்தவள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் காரணங்களை நான் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தேன். அப்பா கடலில், அம்மா மீன் விற்கப் போகிறார், வீட்டில் படித்தவர் இல்லை, பிள்ளைக்கு அக்கறை இல்லை. பேனாவைத் திறந்து அவள் பெயரை அடிக்கப் போன நேரத்தில் செல்வபாய் டீச்சர் அந்தப் பந்து நோட்டோடு வந்து என் எதிரே அமர்ந்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வருகைப் பதிவேட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வலையைச் சுமந்து கட்டும் பொறுப்பு ஷைனிக்கு. விளையாட்டு நடந்த நாளெல்லாம் அவள் கையெழுத்து இருந்தது. 'கணக்கு' என்று எழுதிய நாள்களில் பதிவேட்டில் அவள் வராததைக் காட்டும் சிவப்பு மை. அடுத்த நாளும் சிவப்பு, சிலசமயம் அதற்கடுத்த நாளும். ஒருநாள் வராவிட்டால் மறுநாள் வாசலில் நிறுத்தி விசாரிப்போம் அல்லவா, அந்தப் பயத்தில் ஒன்று மூன்றாகியிருக்கிறது. டீச்சர் விரலை வைத்துக்கொண்டே போனார். ஐம்பத்தொரு நாளில் ஏழெட்டைத் தவிர எல்லாமே நான் தாள் கொடுத்த நாளில் தொடங்கியவை.

எனக்குக் கோபம் வந்தது. "இந்த முறையில் படித்துத்தான் எத்தனை பேர் இன்ஜினீயர் ஆகியிருக்கிறார்கள் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வந்தவங்கள நீங்க எண்ணுதிய சாரே. போனவங்கள யாரு எண்ணுவா?"

டீச்சர் நோட்டை மூடினார். "நாலரை பஸ்ஸுக்கு அவளுக்க வீட்டுக்குப் போவோம். நீங்களும் வரணும். நான் மட்டும் போனா அது விளையாட்டு டீச்சருக்க சொல்லாக்கும்" என்று எழுந்துவிட்டார்.

கடற்கரையை ஒட்டிய சிறிய வீடு. வாசல் நடையில் ஜிப் இழுத்து மூடிய ஒரு பை இருந்தது. விடியற்காலை வேனுக்கானது. ஷைனி எங்களைக் கண்டதும் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"எதுக்கு சாரே அலையுதிய? அவளுக்குப் படிப்பு ஏறல்ல. எப்பம் பாத்தாலும் தலவலி. நான் என்ன செய்யட்டு?" என்றார் அம்மா.

"தலவலி எந்த நாளு வரும்?" என்று கேட்டார் டீச்சர். அம்மா விழித்தார். டீச்சர் கதவைப் பார்த்து, "ஏட்டி ஷைனி, நீ சொல்லு. சாரு கடிக்கமாட்டாரு" என்றார்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எல்லாருக்க பேரும் வாசிச்சு முடிஞ்சப்பெறவு, கடைசி ஒரு பேப்பர் சாருக்க கையில இருக்கும். யாருக்கதுண்ணு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சாரு பேர வாசிப்பாரு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இதாக்கும் தலவலியா? எனக்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாட்டி?"

"இனி வாசிக்கமாட்டேன் ஷைனி" என்றேன்.

"வேன்காரங்கிட்ட வாக்கு சொல்லியாச்சே" என்றார் அம்மா. ஷைனி வெளியே வரவில்லை. பை வாசலிலேயே இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, "வருவாளா டீச்சரே?" என்று கேட்டேன். "தெரியாது சாரே. நம்ம போனோம், அது அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஷைனி இல்லை. முதல் பீரியடிலும் இல்லை. என் மேசையில் பட்டியல் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், செல்வபாய் டீச்சர் பள்ளிக் கேட் அருகே வெயிலில் நின்றார். விசில் வாயில் இருந்தது, ஊதவில்லை. பத்தரை மணிக்குத் தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். இன்னும் ஒரு பீரியட் நேரம் தாருங்கள் என்று சொல்லியனுப்பினேன். பதினொன்றைத் தாண்டிய பிறகு கேட்டில் ஒரு சீருடை தெரிந்தது. டீச்சர் அவளை எதுவும் கேட்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே கையைக் காட்டினார். ஷைனி போய் வலையை எடுத்து வந்தாள்.

அவள் பெயரை அடிக்காமலே பட்டியலில் கையெழுத்திட்டேன். அதோடு, வருகைக் குறைவை மன்னிக்கக் கேட்டு நான் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. உடல்நலக் குறைவு என்று எழுதத் தொடங்கினேன். எட்டிப் பார்த்த டீச்சர், "தலவலிண்ணா எழுதுதிய?" என்றார். தாளைக் கிழித்துவிட்டு, 'மாணவி வராமைக்கு வகுப்பாசிரியரின் நடைமுறையும் ஒரு காரணம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். "மேல இருந்து கேள்வி வந்தா நீர்தான் பதில் சொல்லணும் சார்" என்றார். கேள்வி வந்தது. பதில் சொன்னேன்.

ஷைனி கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். முதல் மதிப்பெண் எடுத்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அது நடக்கவில்லை. பிறகு நர்ஸிங் படித்தாள். அதிலும் ஒரு தாளை மூன்று முறை எழுதினாள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தாள். "மூணு தடவ எழுதினேன் சார். ஓடிப் போகல்லியே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரு வாசிக்கத விட்டாச்சா?" என்று கேட்டாள். "அன்றைக்கே விட்டாச்சு மக்கா" என்றேன். உண்மைதான். ஓய்வு பெறும்வரை தாள்களை மடித்து அவரவர் மேசையில் வைத்தேன். சில பிள்ளைகள் அதனால் கொஞ்சம் குறைவாகப் படித்திருக்கலாம். தெரியவில்லை. வராமல் போன பிள்ளைகள் குறைந்தார்கள், அது தெரியும்.

கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு நோய் உண்டு. கூட்டிவிட்டால் விடை வந்துவிட்டது என்று நம்புவோம். ஐம்பத்தொன்று என்று கூட்டியதும் நான் நிறுத்திவிட்டேன். வறுமை, வீடு, அக்கறையின்மை என்று வெளியிலேயே காரணம் தேடினேன். வறுமை பொய்யல்ல. அந்த வேன் உண்மையில் வந்தது. ஆனால் அவளை வேன் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனதில் என் குரலும் இருந்தது. அதைக் காட்டியவர், நாங்கள் யாரும் பாடமாக மதிக்காத பாடத்தின் ஆசிரியர். அவருடைய விசில் யாரிடம் இருக்கிறதோ தெரியாது. என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி மட்டும்.

இன்று வகுப்பில் நிற்கும் நண்பர்களுக்கு ஒன்றே ஒன்று. நாளை காலை வருகைப் பதிவேட்டை எடுத்து, அடிக்கடி வராத ஒரு பிள்ளையின் பெயரைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பிள்ளை வராத ஒவ்வொரு நாளுக்கும் நேரே, அன்று வகுப்பில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.