கை காட்டினால் நிற்கும் படகு

கண்டக்டர் முப்பத்தொரு வருஷம் ஒரே வழித்தடத்தில் போய்வந்தார். நடைக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர், நாளைக்கு ஆறு நடை. கூட்டிப் பார்த்தால் உலகத்தை ஐம்பது சுற்றுக்கு மேல் சுற்றியிருப்பார். ஆனால் கடைசி நிறுத்தத்தைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை. முதுகில் மூட்டை மாதிரி பையைச் சுமந்து ஊர் ஊராகத் திரியும் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினால், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகும் நகராமல், "இதுக்கப்புறம் எங்க போவீங்க?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஓய்வு பெற்ற மறுமாதமே அதே மாதிரி இரண்டு பைகளை வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு. தையல் கடை வைத்திருந்த மனைவி பையைப் புரட்டிப் பார்த்து, "தையல் சுமார்தான்" என்றாள். பிறகு மெஷினில் உட்கார்ந்து உள்பக்கம் நான்கு ரகசியப் பைகள் தைத்தாள். அதையே சம்மதம் என்று கண்டக்டர் எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதம், நான்கு நாடு என்பது திட்டம். முதல் நாடு சுகமாகக் கழிந்தது. இரண்டாவது நாட்டுக்குப் பாய்மரப் படகிலேயே போகலாம், இரண்டே நாள்தான் என்று விடுதியில் யாரோ சொன்னதில் ஆரம்பித்தது வினை.

படகு ஒரு பஸ் நீளம்கூட இல்லை. ஓட்டுகிற பெண்ணை எல்லோரும் கேப்டனக்கா என்றார்கள். இவர்கள் இருவரைத் தவிர, லீவு போட்டுவிட்டுக் கிளம்பிய இரண்டு நர்ஸ்களும் ஒல்லியான சலூன்காரர் ஒருவரும் பயணிகள். முதல் அலையில் படகு எகிறியதுமே மனைவி நடுவில் இருந்த பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

"பயப்பட இதுல என்ன இருக்கு?" என்று கண்டக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்தினார். "நம்ம பஸ் குலுங்காத குலுக்கலா?"

"பஸ்ஸுக்குக் கீழ ரோடு இருக்குங்க."

அன்று மத்தியானம் அவள் வயிற்றில் இருந்ததெல்லாம் கடலுக்குப் போயிற்று. சாயங்காலம் ஓர் அலை ஏறிவந்து அவளுடைய பையை ரகசியப் பைகளோடு சேர்த்து நனைத்தது.

"ரெண்டாச்சு" என்றாள். "மூணாவதா ஏதாவது நடந்துச்சு, கரையேறினதும் நான் ப்ளேன்ல வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க பையோட சுத்துங்க."

கண்டக்டருக்கு ஊர் சுற்ற ஆசைதான், தனியாகச் சுற்ற ஆசையில்லை. இத்தனை வருஷமும் பஸ்ஸில் பார்த்த வேடிக்கையை வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவள் பாதியில் திரும்பிவிட்டால் மிச்சமிருக்கும் நாடுகளைப் பார்த்துத்தான் என்ன? மறுநாள் விடிந்ததிலிருந்து, மூன்றாவதாக எதுவும் வந்து தொலைக்கக் கூடாதே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதை வரவழைத்தவரும் அவர்தான்.

எதிர்க்கரை தெரிய ஆரம்பித்திருந்தது. "கொஞ்ச நேரம் பிடிங்கண்ணே. அந்த லைட்ஹவுஸுக்கு நேரா போகட்டும், டீ போட்டுட்டு வந்துடறேன்" என்று சுக்கானைக் கொடுத்துவிட்டு கேப்டனக்கா கீழே இறங்கினாள். அப்போது இடது பக்கம் தூரத்தில், சின்னத் தோணியில் நின்ற மீன்காரர் ஒருவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கண்டக்டரின் கை அது பாட்டுக்குச் சுக்கானை அந்தப் பக்கம் திருப்பியது. கை காட்டுகிறவரை விட்டுவிட்டுப் போய் அவருக்குப் பழக்கமில்லை. மீன்காரர் இன்னும் வேகமாக ஆட்டினார்.

"வர்றோம், வர்றோம், அவசரப்படாதீங்க" என்றார் கண்டக்டர்.

அடியில் கர்ரென்று ஒரு சத்தம். படகு மணல்மேட்டில் குத்தி நின்றது. டீ முழுக்க கேப்டனக்காவின் சட்டையில்.

"வராதேன்னுதானேய்யா கை காட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே மீன்காரர் தோணியிலிருந்து இறங்கினார். தண்ணீர் அவருடைய மார்பளவுதான் இருந்தது.

"கை காட்டினா நிறுத்தணும்ல?" என்றார் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை. பாய்மரத்தடியிலிருந்து, "மூணு" என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

கேப்டனக்கா பாயை இறக்கி, என்ஜினைப் போட்டுப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். படகு அசையவில்லை. கடல் வேறு வற்றிக்கொண்டிருந்தது. அரை மணிக்குள் விடுபடாவிட்டால் ராத்திரிவரை இங்கேயே ஒருக்களித்துக் கிடக்க வேண்டியதுதான்.

"அடியில நீட்டிக்கிட்டிருக்கிற இரும்புதான் மணல்ல மாட்டியிருக்கு. படகைச் சாய்ச்சா அது மேல தூக்கும். எல்லாரும் வலது பக்கக் கம்பிக்கு வெளிய நின்னு தொங்குங்க" என்றாள்.

'படியில நிக்காத, உள்ள வா' என்று முப்பத்தொரு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவர் கண்டக்டர். இப்போது அதே தொண்டையில், "உள்ள நிக்காதீங்க, வெளிய வாங்க, நல்லாத் தொங்குங்க" என்று ஆளாளுக்கு இடம் பிரித்துக் கொடுத்தார்.

"விழுந்தா?" என்றாள் ஒரு நர்ஸ்.

"விழுந்தா பார்த்துக்க நர்ஸ் இருக்காங்கல்ல" என்றார் சலூன்காரர்.

"விழப் போறதே நாங்கதானே."

மீன்காரரும் ஏறிவந்து தொங்கினார். படகு சாய்ந்தது, நடுங்கியது, ஒரு சாண் நகர்ந்தது, மறுபடி நின்றது.

"இன்னும் ஒரே ஒரு ஆள்" என்றாள் கேப்டனக்கா. எல்லோர் பார்வையும் பாய்மரத்துக்குப் போயிற்று.

கண்டக்டர் அவளிடம் போனார். "அங்க நல்லா காத்து வருதும்மா. இடமெல்லாம் காலியா இருக்கு."

"இந்தப் பஸ் பேச்சு என்கிட்ட வேணாம்."

"பயப்பட ஒண்ணுமே இல்லம்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. கண்டக்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கைவசம் வைத்திருந்த பேச்செல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"என்னது?"

"நேத்து கிளம்பினதுல இருந்தே. கால் நடுங்கறது தெரியக் கூடாதுன்னுதான் உலாத்தினேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டதும் அதுக்குத்தான்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இதை நேத்தே சொல்றதுக்கு என்ன? நான் ஒருத்திதான் பைத்தியம் மாதிரி கம்பத்தைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சேன்."

அவர் கையை நீட்டினார். உண்மையிலேயே நடுங்கியது.

"இந்தக் கையை நம்பியா நான் எந்திரிக்கணும்? விடுங்க, நான் உங்களைப் பிடிச்சுக்கிறேன்."

ஒரு கையில் கம்பியும் மறு கையில் புருஷனின் சட்டைக் காலருமாக அவள் வெளியே தொங்கினாள். "ரைட்" என்றார் கண்டக்டர், தன்னையறியாமல். என்ஜின் உறுமியது. படகு சரிந்தபடியே பின்னால் வழுக்கி, ஆழத்துக்குப் போய் நிமிர்ந்தது. மீன்காரர் தோணியை நோக்கித் தண்ணீரில் குதித்தார்.

"ஓடற வண்டியில இறங்காதீங்க" என்று கண்டக்டர் கத்தியது அவர் காதில் விழுந்திருக்காது.

நாலு மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் நின்றார்கள். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "இங்கிருந்து எதுல கிளம்புவீங்க? ப்ளேனா, படகா?" என்று கேட்டார்.

கண்டக்டர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"படகுன்னு எழுதுங்க சார்" என்றாள் மனைவி, ஈரப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே. "கொஞ்சம் பெரிய படகா கிடைக்குமா? இவருக்குப் பயம்."

"ஆமா சார், ரொம்பப் பயம்" என்றார் கண்டக்டர், வாயெல்லாம் பல்லாக.