அரை ஆழாக்கு விளக்கெண்ணெய்

ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம். மேகம் உண்டு, மழை இல்லை. மேல்காற்று செம்மண் புழுதியை வாரி வாரி முகத்தில் அடித்தது. காடாம்புலியூரில் பெரியப்பாவின் முந்திரிக் கொட்டகை வாசலில் நாற்பது பக்க நோட்டு ஒன்றுடன் நான் நின்றிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது நான்கு மாதம். மணியையும் காற்றையும் கூட நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வைத்ததால்தான் இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிகிறது.

அந்த வருடம் கொட்டகை மூடுகிற நிலைக்கு வந்திருந்தது. வறுக்கும்போதே கால்வாசிக் கொட்டை கருகியது. விறகு வண்டிக்காரர் வாசலில் வந்து சத்தம் போட ஆரம்பித்திருந்தார். எங்கள் வீட்டுச் சோறும் அந்தக் கொட்டகையில்தான் இருந்தது. அப்பா இறந்து மூன்று வருடம். அம்மா அங்கே பருப்புக்குத் தோல் உரித்தாள். அக்கா பதின்மூன்று பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து கொட்டை உடைத்தாள். மாலையில் கையைச் சுத்தம் செய்துகொண்டு பண்ருட்டிக்குப் பஸ் ஏறி டைப்ரைட்டிங் படித்தாள். ஆவணி பதினைந்தாம் தேதி சிதம்பரத்தில் அவளுக்கு லோயர் பரீட்சை. தேறினால் கடலூரில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கொட்டகையை விட்டு வெளியேற அவளுக்கு இருந்த ஒரே கதவு அது.

கொட்டகையைக் காப்பாற்ற மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்து அங்கேயே வேலையிலும் இருந்தார். சிறுதொழில்காரர்களுக்கு வீணாவதைக் குறைக்க இன்று வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள், சாப்பாடும் போடுகிறார்கள். மாமா சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்து, கவிழ்த்த கூடை ஒன்றின்மேல் மூன்று நாள் பேசாமல் உட்கார்ந்து பார்த்தார். நான்காம் நாள், உடைத்துப் போட்ட கொட்டை ஓடுகளையே அடுப்புக்கு எரிக்கச் சொன்னார்.

"ஏன் மச்சான், அவ்ளோ காசு செலவு பண்ணிப் படிச்சது ஓடு பொறுக்கறதுக்கா?" என்றார் பெரியப்பா. கொட்டகையே சிரித்தது.

அடுத்த வாரம் விறகு வண்டி வரத் தேவை இருக்கவில்லை. கொட்டையைச் சலித்துச் சிறிது பெரிது பிரித்து வறுத்தார்கள், கருகுவது நின்றது. உடைந்த பருப்பைச் சிதம்பரத்தில் ஒரு மிட்டாய்க் கடை வாங்கிக்கொண்டது. பெரியப்பா மாமாவுக்குக் கோழி அடித்தார்.

எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வியாதி எனக்கு அப்போதே உண்டு. அதைக் கவனித்த மாமாதான் நோட்டு வாங்கித் தந்து, பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார். என்ன, எவ்வளவு, ஏன்.

"மூணாவது கட்டத்த நீயா எழுதக் கூடாதுடா. அந்த வேலைய செய்யிறவங்ககிட்ட கேட்டுத்தான் எழுதணும்" என்றார். அன்று சாயங்காலம் அம்மாவிடம், நோட்டு நன்றாக வந்தால் என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போய்த் தானே படிக்க வைப்பதாகவும் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அக்கா எனக்கு அன்று இரண்டு தடவை தலை வாரிவிட்டாள்.

வறுத்த பிறகும் முந்திரி ஓட்டில் கருப்பாக ஒரு பால் தங்கியிருக்கும். தோலில் பட்டால் வெந்துவிடும். அதனால் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் விளக்கெண்ணெய் தடவி, சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். காலையில் ஆளுக்கு அரை ஆழாக்கு எண்ணெய் கொட்டாங்கச்சியில் ஊற்றுவார்கள். நான் இரண்டு நாள் ஒவ்வொரு கொட்டாங்கச்சியாக எட்டிப் பார்த்தேன். வேலை முடியும்போது பாதி எண்ணெய் மிச்சம் இருந்தது. பதினான்கு பேரும் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அக்காவும்தான். நான் நேர்மையானவன், அவளையும் சேர்த்துப் பதினான்கு என்றே எழுதினேன். ஒரு நாளைக்கு மூன்றரை ஆழாக்கு. வாரத்துக்கு ஆறு நாள். ஆழாக்கு ஐம்பது காசு. பத்து ரூபாய் ஐம்பது காசு வீண்.

மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. கேட்கலாம் என்று போனேன். வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்த, வாய்க்குப் பேர்போன ஒரு அத்தை என்னைப் பார்த்ததும், "வந்துட்டாருடி கணக்குப்பிள்ள! நான் எத்தினி தடவ தும்முனேன்னு எழுதிக்கடா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. மறைவாகப் போய், 'தலைக்குத் தேய்க்க' என்று நானே எழுதினேன். அவர்கள் தலையெல்லாம் எண்ணெய் மினுங்கத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூலி கொடுக்கும் நேரத்தில் மாமா நோட்டைப் படித்தார். பெரியப்பா துள்ளிக் குதித்தார். "ஊரு தலைக்கெல்லாம் நானா எண்ண தேய்க்கிறது? ஜாஸ்திதான் ஊத்தறோம். நாளையிலேருந்து காலாழாக்கு."

"ஐயோ, அது தலைக்கு இல்லீங்க" என்று அந்த அத்தை எழுந்தாள். மாமா கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டுத்தான எழுதின?"

"கேட்டேன் மாமா."

"யார்கிட்ட?"

 என் கண் தானாக அக்காவிடம் போனது. மாமாவும் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மாமா கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"என்கிட்டதான் கேட்டான் மாமா. தலைக்குதான்" என்றாள்.

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வரிசையில் அக்காவோடு யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அக்கா திட்டுவாள் என்று பயந்துகொண்டே நடந்தேன். அவள் திட்டவில்லை. சிதம்பரத்துக்குப் போனால் சட்டைக்குப் பித்தான் நானே தைத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

இரண்டாம் வாரத்தில் அவள் விரல் நுனிகள் கருத்தன. மூன்றாம் வாரம் கொப்புளம். நான்காம் வாரம் தோல் உரிந்து உள்ளே ரோஜா நிறம் தெரிந்தது. "பெரியப்பாகிட்ட கொஞ்சம் எண்ண கேளேன்" என்றாள் அம்மா. "வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் தனியாம்பாங்க. வேணாம்" என்றாள் அவள். வேறு பெண்கள் இரண்டு பேர் பக்கத்துக் கொட்டகைக்கு மாறிப் போனார்கள்.

பரீட்சைக்கு நானும் போனேன். வடலூரில் பஸ் மாறினோம். சிதம்பரம் பஸ் நிலையத்தில் மாமா காத்திருந்து இட்லி வாங்கிக் கொடுத்தார். அக்கா கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்றாள். "டைப் அடிக்கப் போறியா, போருக்குப் போறியா?" என்று மாமா சிரித்தார். அவளும் சிரித்தாள். அவளுடைய நான்கு இட்லியையும் நான் சாப்பிட்டேன்.

பரீட்சைக் கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வரி முடியும்போதெல்லாம் மெஷினில் மணி அடிக்கும். பத்து நிமிடத்தில் பக்கத்துப் பெண்ணுக்கு இருபத்தாறு மணி. அக்காவுக்கு ஒன்பது. ஒவ்வொரு வரிக்கும் அவள் நிறுத்தி விரலைக் கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டாள். ஒன்பதாவது மணிக்குப் பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "எப்படி எழுதின?" என்று மாமா கேட்டார். கேள்வி கஷ்டம் என்றாள். டைப்ரைட்டிங்கில் கேள்வி ஏது என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

வக்கீல் ஆபீசில் வேறு பெண் சேர்ந்தாள். ஆட்கள் நிற்கவில்லை என்று பெரியப்பா மறுபடி அரை ஆழாக்கே ஊற்றச் சொன்னார். அடுத்த வருடம் நான் சிதம்பரம் போனேன். என் படிப்புச் செலவு மாமாவுடையது. துணிமணி, பெட்டி, பஸ் காசு அக்காவுடைய கூலி. பரீட்சையைத் திரும்ப எழுத அவளிடம் பணம் இருந்ததே இல்லை.

எண்ணெய் எதற்கு என்பது கல்லூரியில் படிக்கும்போது அம்மா பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முந்திரிப் பால் தண்ணீருக்கும் சோப்புக்கும் போகாது. வேலை முடிந்தபின் விளக்கெண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது ஊறி ஊறித் தின்னும். மிச்சப் பாதி அதற்குத்தான். அது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அன்று அக்கா 'தலைக்குதான்' என்றபோது, எண்ணெய் எதற்கென்று அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் கை கழுவுகிறவளுக்குத் தெரியாமலிருக்குமா என்று யோசிக்க, எனக்குப் பிள்ளை பிறந்து, அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

டைப்பிஸ்ட் சம்பளத்துக்கும் கொட்டை உடைக்கிற கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை, அதன்பிறகு அக்கா கொட்டை உடைத்த முப்பத்தொரு வருடத்துக்குக் கணக்குப் போட்டேன். மூன்று லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய். போன தை மாதம், அக்கா பேரில் கணக்குத் தொடங்கி அதைப் போட்டுவிடலாம் என்று, வராதவளை வற்புறுத்திக் கடலூரில் ஒரு வங்கிக்கு அழைத்துப் போனேன். ரேகை வைக்கச் சொன்னார்கள். கட்டைவிரல் பதியவில்லை. மற்ற விரல்களையும் வைத்தாள். பத்தும் பதியவில்லை.

"ரேகையே இல்லியே ஆயா. என்னா வேல செஞ்சீங்க?" என்று கேட்டது அங்கிருந்த பெண்.

"கொட்ட ஒடச்சேம்மா."

ஆதார் மையத்துக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார்கள். இனி அலைய முடியாது, உன் பணம் உன்னிடமே இருக்கட்டும் என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். அவள் விரல்கள் கண்ணாடி போல வழவழவென்று இருந்தன. அப்படியாக, அந்தப் பணம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஆன செலவு, ஆட்டோ போக வர நூற்றெண்பது, நகல் எடுக்கப் பன்னிரண்டு, இரண்டு டீ இருபத்து நான்கு. மொத்தம் இருநூற்றுப் பதினாறு ரூபாய்.